எச்.ஐ.வி.யை வேரறுக்குமா மாற்றியமைக்கப்பட்ட நோயெதிர்ப்பு அணுக்கள்?

செஞ்சியை அடுத்த வல்லம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஓர் அன்பர் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை என்னைக் காண வருவார். வளைகுடா நாடொன்றில் பணி உறுதியாகி, விசாவுக்கு முன் நடைபெறும் மருத்துவப் பரிசோதனைக்காகச் சென்னை சென்றபோதுதான் தமக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதை அவர் அறிந்தார். 'தகுதியற்றவர்' என்று முத்திரையிட்ட தாளோடு ஊர் திரும்பியவருக்குப் பயணம் ஏன் நின்றது என்று சொந்தபந்தங்களிடம் சொல்ல ஒரு பொய் தேவைப்பட்டது. இன்றளவும் அவருடைய மனைவியையும் என்னையும் தவிர ஊரில் எவருக்கும் உண்மை தெரியாது. அரசு மையத்தில் தரும் மாத்திரையை நாள் தவறாது உட்கொண்டு, நல்ல உடல்நலத்துடன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு வாழ்கிறார். ஒருநாள் செய்தித்தாள் துண்டு ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து விரித்தார். மரபணு மாற்றிய அணுக்களால் எய்ட்ஸ் நோய் குணமாகிவிட்டது என்ற பொருள்படத் தலைப்பிட்டிருந்தார்கள். "சார், அப்படீன்னா மாத்திரைய நிறுத்திடலாமா?" என்று கேட்டார்.

நிறுத்தக் கூடாது என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்தச் செய்தியில் மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு என்று விளக்க ஒரு மாலைப்பொழுது முழுவதும் வேண்டியிருந்தது. உயிரியல் கற்பித்த பழக்கத்தில் அன்று நான் சொன்னவற்றையும், சொல்லாமல் விட்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

இந்நோயின் இந்திய வரலாறு தொடங்கியது நம் மாநிலத்தில்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த டாக்டர் சுனிதி சாலமன், தம் முதுநிலை மாணவி நிர்மலாவிடம் எய்ட்ஸ் கிருமி நம் நாட்டில் உண்டா என்று தேடும் ஆய்வை ஒப்படைத்தார். அது மேலைநாட்டாரின் நோய், நம்மை அண்டாது என்று பெரும்பாலோர் நம்பியிருந்த காலம் அது. பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட பெண்களிடமிருந்து நிர்மலா இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் அவற்றைப் பாதுகாத்தார். பிறகு கணவரின் துணையோடு இரயிலேறிக் காட்பாடி சென்றார். சோதிக்கும் வசதி வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இருந்தது. அங்கே டாக்டர் ஜேக்கப் ஜானின் ஆய்வுக்கூடத்தில் ஆறு மாதிரிகள் நிறம் மாறின. அமெரிக்காவில் நடந்த மறுசோதனையும் அதனை உறுதிசெய்தது. வேலூரின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; இக்கட்டுரையின் பிற்பகுதியில் அது மீண்டும் வருகிறது.

தொடக்க ஆண்டுகளில் நோய் கண்டவர்களுக்கு நாம் கொடுத்தது பெரும்பாலும் அச்சமும் ஒதுக்கலுமே. மய்யித்தைக் குளிப்பாட்டக்கூட ஆள் வராத வீடுகளை நான் அறிவேன். 1996-இல் மேலைநாடுகளில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. நம் நாட்டு அரசு அதனை இலவசமாக வழங்கத் தொடங்கிய நாள் 2004 ஏப்ரல் 1. தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை அந்த முதல் மையங்களுள் ஒன்று. இன்று நாளுக்கு ஒரு மாத்திரை போதும். ஒழுங்காக உட்கொள்பவரின் இரத்தத்தில் கிருமி சோதனைக்கு அகப்படாத அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அந்நிலை நீடிக்கும்வரை வாழ்க்கைத் துணைக்கும் அவரிடமிருந்து தொற்றுவதில்லை. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 2023-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஏறத்தாழ 25 இலட்சம் பேர் இத்தொற்றோடு வாழ்கின்றனர். வாழ்கின்றனர் என்ற சொல்லை இன்று எழுத முடிகிறது என்பதே பெரிய செய்தி.

அப்படியாயின் மாத்திரையால் ஏன் நோய் நீங்குவதில்லை? எச்.ஐ.வி. நுழைவது நோயெதிர்ப்புப் படையின் தளபதிகள் எனத்தக்க 'டி' வெள்ளணுக்களுக்குள். அவ்வணுவின் மேற்பரப்பிலுள்ள சி.டி.4 என்னும் ஏற்பியைப் பற்றிக்கொண்டு, சி.சி.ஆர்.5 என்னும் மற்றோர் ஏற்பியைத் திறவுகோல் துளையாகக் கொண்டு உள்ளே புகுகிறது. தன் ஆர்.என்.ஏ. சுவடியை டி.என்.ஏ.வாகப் பெயர்த்தெழுதி, நம் அணுவின் மரபுச் சுவடிக்கு நடுவே அதை ஒட்டிவிடுகிறது. அதற்குப் பின் கிருமியின் சுவடி நம் சுவடியின் ஒரு பக்கமாகிவிடுகிறது. மருந்துகள் பெயர்த்தெழுதுவதைத் தடுக்கும், ஒட்டுவதைத் தடுக்கும், புதிய கிருமி முதிர்வதைத் தடுக்கும். முன்னரே ஒட்டப்பட்ட பக்கத்தைக் கிழித்தெறிய அவற்றால் இயலாது.

ஹிஜ்ரி மூன்றாம், நான்காம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த பேரறிஞர் அர்ராஸி, பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்தி நூல் செய்தவர். ஒருமுறை பெரியம்மை கண்டவரை அது மீண்டும் தாக்காமைக்குக் காரணம் தேடியவரும் அவரே. இரத்தம் இளமையில் நொதித்துப் பின் அடங்குகிறது என்ற அவருடைய விளக்கம் இன்று நிற்காது. ஆயினும் உடல் ஒரு நோயை நினைவில் வைக்கிறது என்னும் உண்மையை அவர் கண்ட காட்சி தொட்டது. அந்த நினைவைத் தாங்குபவை நெடுங்காலம் வாழ்ந்து ஓய்வில் உறங்கும் சில வெள்ளணுக்கள். எச்.ஐ.வி. தேர்ந்துகொண்ட ஒளிவிடம் அவைதாம். உறங்கும் அணுவுக்குள் கிருமியும் உறங்குகிறது. எதையும் உற்பத்தி செய்வதில்லை. ஆகவே மருந்துக்கும் அகப்படுவதில்லை, காவலர்களுக்கும் தெரிவதில்லை. 1997-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இந்தச் சேமக்கிடங்கை வெளிப்படுத்தினர். அது பாதியாகக் குறையவே ஏறத்தாழ 44 மாதங்கள் ஆகும் என்றும், மாத்திரையை மட்டும் நம்பினால் முற்றாக அழிய 70 ஆண்டுகளுக்கு மேல் வேண்டும் என்றும் பின்னர்க் கணக்கிட்டனர்.

என் நண்பருக்கு இதனைச் செஞ்சிக் கோட்டையைக் காட்டித்தான் விளக்கினேன். சுல்பிகார் கான் 1690 முதல் 1698 வரை அக்கோட்டையை முற்றுகையிட்டார். சுற்றிலும் நாடு முகலாயர் கையில். மூன்று குன்றுகளை வளைத்த மதிலுக்குள்ளே இராஜாராம். முற்றுகை தளர்ந்தபோதெல்லாம் உள்ளிருந்தோர் வெளியே வந்து தாக்கினர். மாத்திரை என்பது அத்தகைய முற்றுகை. அதை விலக்கிக்கொண்டால் பெரும்பாலோரிடம் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் கிருமி இரத்தத்தில் தலைகாட்டுகிறது. கோட்டை வீழ்வதற்கு முன்பே இராஜாராம் தப்பிச் சென்றுவிட்டார் என்பதையும் நண்பரே நினைவூட்டினார். உவமையின் அந்தப் பகுதி எனக்குத் தோன்றவில்லை.

முற்றுகையை விட்டுக் கோட்டைக்குள்ளேயே புகும் வழி உண்டு என்பதற்கு முதற்சான்று பெர்லினில் கிடைத்தது. அமெரிக்கரான திமதி ரே பிரவுன் என்பவருக்கு எச்.ஐ.வி.யோடு இரத்தப் புற்றுநோயும் சேர்ந்தது. 2007-இல் அவருக்கு எலும்பு மஜ்ஜையின் குருத்தணு மாற்றுச் சிகிச்சை செய்த மருத்துவர் கெரோ ஹூட்டர், கொடையாளரைத் தேர்வதில் ஒரு புதுமை செய்தார். வட ஐரோப்பிய மரபினரில் நூற்றுக்கு ஒருவர் அளவில், சி.சி.ஆர்.5 ஏற்பி இல்லாமலே பிறக்கின்றனர். அவர்களுடைய அணுக்களில் பெரும்பாலான எச்.ஐ.வி. வகைகளுக்கு நுழைவாயில் இல்லை. அத்தகைய ஒருவரின் குருத்தணுவையே ஹூட்டர் வழங்கினார். 2008-இல் இரண்டாம் முறையும் மாற்றுச் சிகிச்சை தேவைப்பட்டது. மாத்திரை இல்லாமலேயே பிரவுன் கிருமியின்றி வாழ்ந்தார். 2020-இல் மீண்டும் தலைதூக்கிய புற்றுநோயால் மறைந்தார். 2019-இல் இலண்டனில் டாக்டர் இரவீந்திர குப்தாவின் குழு இரண்டாவது நேர்வை அறிவித்தது. அதன்பின் டுசல்டார்ஃப், நியூயார்க், ஜெனீவா எனச் சில நேர்வுகள். எல்லாம் சேர்த்துப் பத்துப் பேரளவே. இவர்கள் அனைவரும் புற்றுநோய் முதலிய கொடிய இரத்த நோய்களுக்காகவே அந்தக் கடும் சிகிச்சைக்கு உட்பட்டவர்கள் என்பதைச் செய்தித் தலைப்புகள் சொல்வதில்லை. மாத்திரையால் நலமாக வாழும் ஒருவரின் மஜ்ஜையை அழித்து, அவரை உயிராபத்துக்கு உள்ளாக்க எந்த மருத்துவரும் முன்வரமாட்டார். நம் நாட்டு மக்களிடையே அந்த ஏற்பியற்ற கொடையாளரைக் காண்பதும் மிக அரிது.

கொடையாளர் வேண்டாம், நோயாளியின் அணுக்களையே எடுத்து மாற்றினால் என்ன? இக்கேள்வியிலிருந்துதான் நம் பொருள் தொடங்குகிறது. பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தார் பன்னிரண்டு பேரின் 'டி' அணுக்களை வெளியே எடுத்து, சி.சி.ஆர்.5 மரபணுவைத் துண்டிக்கும் நொதியால் வெட்டி, மீண்டும் அவர்கள் உடலில் செலுத்தினர். முடிவு 2014-இல் வெளிவந்தது. மருந்தைச் சில வாரங்கள் நிறுத்தியபோது, மாற்றப்படாத அணுக்கள் விரைந்து மடிய, மாற்றப்பட்டவை தாக்குப்பிடித்தன. ஒருவரிடம் கிருமி தானாகவே அடங்கியது. அவர் இயற்கையாகவே ஒரு பாதி அந்த மரபுக் குறையோடு பிறந்தவர் என்று பின்னர்த் தெரிந்தது. ஏனையோரிடம் மாற்றப்பட்ட அணுக்களின் விகிதம் போதவில்லை. 2019-இல் சீனாவில், கிறிஸ்பர் முறையால் திருத்திய குருத்தணுக்களைப் புற்றுநோயும் எச்.ஐ.வி.யும் உள்ள ஒருவருக்கு வழங்கியபோதும் இதே குறை. நூற்றுக்கு ஐந்தளவே திருந்தியிருந்தன.

இரண்டாவது வழி, அணுக்களைக் காப்பதைவிட அவற்றுக்கு ஒரு படைக்கலம் கொடுப்பது. இதற்குக் 'கார்-டி' என்று பெயர். 'டி' அணுவுக்குள் ஒரு செயற்கை ஏற்பியின் மரபணுவைச் செலுத்துகிறார்கள். ஏற்பியின் வெளிப்பகுதி பகையை இனங்காணும். உட்பகுதி 'கொல்' என்ற ஆணையை அணுவுக்குள் எழுப்பும். நோயாளியின் இரத்தத்திலிருந்து 'டி' அணுக்களைப் பிரித்தெடுத்து, மரபணுவைச் செலுத்தி, கோடிக்கணக்காகப் பெருக்கி, அவருக்கே திரும்ப ஏற்றுவது முறை. இரத்தப் புற்றுநோயில் இது பெற்ற வெற்றியை அனைவரும் அறிவர். பலரும் அறியாதது, மனிதரிடம் இந்த முறை முதன்முதலில் சோதிக்கப்பட்டவற்றுள் எச்.ஐ.வி.யும் ஒன்று என்பது. 1990-களிலேயே அமெரிக்காவில், சி.டி.4-ஐயே வெளிப்பகுதியாகக் கொண்ட ஏற்பியுடன் சோதனைகள் நடந்தன. கிருமி எதைப் பற்றிக்கொள்கிறதோ அதையே தூண்டிலாக்கியது நல்ல உத்திதான். ஆனால் கிருமி ஒடுங்கவில்லை. அதே நோயாளிகளைப் பதினோர் ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து பார்த்தவர்கள் 2012-இல் ஒன்றை அறிவித்தனர்: செலுத்தப்பட்ட அணுக்கள் ஏறக்குறைய எல்லோரிடமும் இன்னும் உயிரோடிருந்தன, எவருக்கும் அவற்றால் புற்று உண்டாகவில்லை. எச்.ஐ.வி.யில் தோற்ற சோதனை, புற்றுநோயில் இறங்கியவர்களுக்கு இப்படித் துணிவைக் கொடுத்தது.

புற்றுநோயில் கைகொடுத்த ஒன்று இங்கே ஏன் தடுமாறுகிறது? இரத்தப் புற்றணு தன் அடையாளத்தை மேற்பரப்பில் தாங்கி நிற்கிறது. உறங்கும் எச்.ஐ.வி. அணுவோ எந்த அடையாளத்தையும் காட்டுவதில்லை. காவலன் பக்கத்திலேயே கடந்து போகலாம். மாத்திரை உட்கொள்பவரின் உடலில் பகை அருகியிருப்பதால், செலுத்திய அணுக்களுக்கு வேலையின்றிக் காலப்போக்கில் அவை அருகிப்போகின்றன. மாத்திரையை நிறுத்தினால் வேலை வருகிறது. ஆனால் அனுப்பிய காவலனும் 'டி' அணுவே ஆகையால் அவனையே கிருமி தொற்றிக்கொள்கிறது. நிணநீர்க் கணுக்களின் உள்ளறைகளுக்குள் கொல்லும் அணுக்கள் எளிதில் புகுவதில்லை, அங்கே கிருமி பதுங்குகிறது. இவை போதாவென்று, எச்.ஐ.வி. தன் உருவத்தை ஓயாது மாற்றிக்கொள்ளும் இயல்புடையது. குவாங்சோவில் பதினால்வருக்கு அளித்த சிகிச்சையின் முடிவு 2021-இல் வெளியானது. அறுவர் மாத்திரையை நிறுத்தினர். கிருமி மீண்டு வருவது சில வாரங்கள் தள்ளிப்போயிற்று. வந்தபோது பலரிடம் ஏற்பிக்குப் பிடிபடாத உருவில் வந்தது.

ஆகவே அண்மைய முயற்சிகள் கிருமியின் ஓரிடத்தை மட்டும் குறிவைப்பதில்லை. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ, டேவிஸ் வளாகத்தார் மேற்கொண்ட சோதனையில், கிருமியின் வெவ்வேறு பகுதிகளைப் பற்றும் இணை ஏற்பிகளைப் பொருத்திய அணுக்கள் பயன்படுகின்றன. அணுவையே விட்டுவிட்டு, ஒட்டப்பட்ட கிருமிச் சுவடியைக் கிறிஸ்பர் கத்தரியால் வெட்டியெடுக்க முயன்றதும் உண்டு. பாதுகாப்பானது எனத் தெரிந்தது. மாத்திரையை நிறுத்தியதும் கிருமி திரும்பிவிட்டது என்று 2024-இல் அறிவித்தார்கள். 2025-இல் மெல்போர்னின் டோஹர்ட்டி நிறுவனத்தார், உறங்கும் அணுக்களுக்குள் நுண்ணிய கொழுப்புத் துளிகள் வழியே ஆர்.என்.ஏ. செய்தியொன்றை அனுப்பி, ஒளிந்த கிருமியைத் துயிலெழுப்பிக் காட்டினர். இது ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் நடந்தது. மனித உடலில் அன்று. எனினும் உறங்குபவனை எழுப்பினால்தான் காவலன் அவனைக் காண்பான் என்பதால், இதனை முக்கியமான அடி என்றே கருதுகிறேன்.

இனி வேலூருக்கு வருவோம். மேலே 'மரபணுவைச் செலுத்தி' என்று எளிதாக எழுதிவிட்டேன். மனித அணுவின் மரபுச் சுவடிக்குள் நிலையாக ஒரு மரபணுவைப் பொருத்துவது எப்படி? அக்கலையில் வல்லது எச்.ஐ.வி.யே அன்றோ! 1996-இல் கலிபோர்னியாவின் சால்க் ஆய்வகத்தார், எச்.ஐ.வி.யின் நோய் செய்யும் மரபணுக்களை நீக்கிப் பெருகும் ஆற்றலை ஒழித்து, வேறு மரபணுவைச் சுமக்கும் வெற்று வாகனமாக அதனை ஆக்கிக் காட்டினர். இந்த வாகனத்தை முதன்முதல் மனிதரில் பயன்படுத்தியது 2003-இல், எச்.ஐ.வி. நோயாளிகள் ஐவரிடம். கிருமியின் எலும்புக்கூட்டைக் கொண்டே கிருமியைத் தடுக்கும் செய்தியை அனுப்பினார்கள். பின்னர் அதே வாகனம் புற்றுநோய்க்கான 'கார்-டி' அணுக்களை உருவாக்கியது. 2017-இல் அமெரிக்கா அவற்றுள் முதலாவதற்கு ஒப்புதல் அளித்தது.

2024 டிசம்பரில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் அலோக் ஸ்ரீவாஸ்தவாவும் குழுவினரும், அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டனர். இரத்தம் உறையாமையால் துன்புறும் கடுமையான ஹீமோஃபீலியா 'ஏ' நோயாளிகள் ஐவர். அவர்களுடைய குருத்தணுக்களை எடுத்து, எச்.ஐ.வி.யிலிருந்து வடிவமைத்த வாகனத்தின் மூலம் குறையுள்ள மரபணுவின் நல்ல பிரதியைச் செலுத்தித் திரும்ப அளித்தனர். அதன்பின் கண்காணித்த காலம் முழுவதும் ஐவருக்கும் இரத்தக்கசிவு நேரவில்லை. 1986-இல் எந்த ஊரின் ஆய்வுக்கூடத்தில் இக்கிருமி இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டதோ, அதே ஊரில் அதன் நஞ்சு நீக்கிய உடல் மருந்தின் வாகனமாயிற்று. நம் இதழ்களில் இதற்கு ஓர் அடி இடம்கூடக் கிடைக்காதது எனக்கு வருத்தமே.

இந்நிகழ்வின் முக்கியத்துவம் பெருமை பேசுவதில் இல்லை, விலையில் இருக்கிறது. அமெரிக்காவில் முதல் 'கார்-டி' மருந்து ஒருவருக்கு 4,75,000 டாலர் என விலையிடப்பட்டது. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் டாட்டா நினைவு மருத்துவமனையும் உருவாக்கிய நெக்ஸ்கார்19-க்கு 2023 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது. விலை முப்பது, நாற்பது இலட்ச ரூபாய் அளவில் அமைந்தது. பத்தில் ஒரு பங்கு என்று மகிழலாம். வல்லத்து உழவருக்கு இரண்டும் ஒன்றே. வேலூரில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு, இரத்தப் புற்றுநோயாளிகளுக்கான 'கார்-டி' அணுக்களை மருத்துவமனைக்குள்ளேயே தயாரித்துச் செலுத்தும் சோதனை நடந்தது. தொழிற்சாலைக்கு அனுப்பி வரவழைக்கும் செலவும் காலமும் இதனால் மிஞ்சுகின்றன. எச்.ஐ.வி.க்கென ஒரு சிகிச்சை நாளை உறுதியானால், அது எட்ட வேண்டியவர் உலகில் நான்கு கோடிக்கும் மேற்பட்டோர்; பெரும்பாலோர் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் உள்ள எளியவர்கள். 2019-இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனமும் கேட்ஸ் அறக்கட்டளையும், ஏழை நாடுகளுக்கு ஏற்ற மரபணுச் சிகிச்சைக்கெனத் தலைக்குப் பத்துக் கோடி டாலர் ஒதுக்க முன்வந்தன. 2025-இல் அமெரிக்க அரசே எச்.ஐ.வி. ஆய்வுகளின் நிதியில் கைவைத்தது. அறிவியலின் வேகம் அறிவியலாளர் கையில் மட்டும் இல்லை.

ஓர் எல்லையையும் குறிக்க வேண்டும். 2018-இல் சீன ஆய்வாளர் ஹெ ஜியான்குய், எச்.ஐ.வி. உள்ள தந்தையின் கருவில் சி.சி.ஆர்.5 மரபணுவை மாற்றி இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறப்பித்ததாக அறிவித்தார். உலகமே கண்டித்தது, சீன நீதிமன்றம் மூன்றாண்டுச் சிறை விதித்தது. தந்தையின் தொற்று பிள்ளைக்கு வராமல் தடுக்க எளிய வழிகள் முன்பே இருக்க, கேட்கவும் மறுக்கவும் இயலாத உயிர்களின் மரபை, அவர்கள் வழித்தோன்றல்களின் மரபையும் சேர்த்து, அவர் மாற்றினார். ஒரு நோயாளியின் இரத்த அணுக்களை அவர் இசைவோடு மாற்றுவது வேறு. அம்மாற்றம் அவரோடு முடிகிறது. இமாம் கஸ்ஸாலி ஷரீஅத்தின் நோக்கங்களாக வகுத்த ஐந்தில் உயிரைக் காத்தலும் சந்ததியைக் காத்தலும் தனித்தனியே நிற்கின்றன. முதலாவதன் பெயரால் இரண்டாவதில் கைவைக்க உரிமை உண்டா என்பதை நம் மார்க்க அறிஞர்கள் மருத்துவர்களோடு அமர்ந்து ஆராய வேண்டும். இரண்டையும் ஒரே 'மரபணு மாற்றம்' என்ற பெயரில் அடைத்து விலக்கிவிட்டால், வேலூரில் நலம்பெற்ற ஐவரையும் சேர்த்தே விலக்கியவர்களாவோம்.

என் நண்பர் மாத்திரையை நிறுத்தவில்லை. அந்தச் செய்தித்தாள் துண்டை என்னிடமே விட்டுச் சென்றார். அண்மையில் வந்தபோது, வேலூருக்குச் செஞ்சியிலிருந்து எந்தப் பேருந்தில் போவது எளிது என்று விசாரித்தார். எதற்கு என்று கேட்டேன். அவர் தங்கை மகனுக்குச் சிறு காயம் பட்டாலும் இரத்தம் நிற்பதில்லையாம்.